வழக்கு நடக்கும்போது அடுப்பும் எரிய வேண்டும்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை. ஒன்றில் கணவன். இன்னொன்றில் மனைவியும், பள்ளிக்குப் போகும் மகளும். விவாகரத்து மனு போட்டு ஐந்து மாதம் ஆகிறது. பேச்சு நின்று அதற்கும் முன்பே பல மாதம் ஆகிவிட்டது. வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில் இருக்கிறது. ஐந்தாம் தேதி பிறந்தால் வீட்டுக்காரர் அவரைத்தான் கூப்பிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் குறுஞ்செய்தியும் அவர் கைப்பேசிக்குத்தான். பால் அட்டை, சிலிண்டர், ஜாம் பஜார் காய்கறி, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் சம்பளம், மகளின் டியூஷன், காய்ச்சல் வந்தால் ஆட்டோ, மருந்து எல்லாம் மனைவி கையிலிருந்து போகின்றன. மாதக் கடைசியில் இருவரும் தத்தம் வழக்கறிஞரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "எல்லாச் செலவையும் நான்தான் பார்க்கிறேன்."

இருவருமே பொய் சொல்லவில்லை. வாடகை மொத்தமாகப் போவதால் கொடுப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மளிகையும் மருந்தும் ஐம்பதும் நூறுமாகக் கரைவதால் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மணவாழ்வு நன்றாக இருந்த காலத்தில் யாரும் இதை எழுதிவைத்ததில்லை. எழுதவேண்டிய தேவையும் வரவில்லை. நம்பிக்கை போன பிறகுதான் கணக்கு வேண்டியிருக்கிறது.

ஜீவனாம்சம் என்றாலே வழக்கின் முடிவில் கைக்கு வரும் தொகை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் மனு போட்ட நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடுகின்றன. வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போகும் அந்தக் காலத்தில் வாடகையும் கல்விக் கட்டணமும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போவதில்லை. இந்த இடைக்காலத்தில் வீட்டுச் செலவை எப்படிப் பங்கிடுவது நியாயம்? சட்டமும் தீர்ப்புகளும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவாகும் விடை இது: ஆளுக்குப் பாதி என்பது நியாயம் போலத் தோன்றும், ஆனால் நியாயம் ஆகாது. அவரவர் சக்திக்கேற்ற பங்கு, வீட்டு உழைப்புக்கும் ஒரு மதிப்பு, அதுவும் மனு போட்ட நாளிலிருந்து. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நியாயம்.

சட்டம் வந்த வழி

சென்னைக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் 1955-இல்தான் வந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1949-இல், சென்னை மாகாணம் இருதாரத்தைத் தடுத்து இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தரும் சட்டத்தை இயற்றிவிட்டது. கணவனைப் பிரிந்து வாழும் இந்து மனைவிக்குத் தனி வசிப்பிடமும் பராமரிப்பும் கேட்கும் உரிமையை 1946-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தந்திருந்தது.

1955 சட்டத்தின் 24-ஆம் பிரிவுதான் நம் பொருளின் மையம். வழக்கு நடக்கும் காலத்தில் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழக்குச் செலவுக்கும் போதிய வருமானம் இல்லாதவர், மற்றவரிடமிருந்து மாதத் தொகை கேட்கலாம் என்கிறது அது. கேட்பவர் மனைவியாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். 2001-இல் இதில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும். அறுபது நாள் என்பது இரண்டு வாடகை, ஒரு மின்கட்டணம். வீட்டுச் செலவு காத்திருக்காது என்பதை நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட இடம் அது.

ராயப்பேட்டையில் தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. அமீர் மகாலும் இங்கேதான். ஆகவே ஒரே தெருவில் மூன்று சட்டங்கள் வேலை செய்கின்றன. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வழக்குக் காலத் தொகை கணவனின் சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு தடை இருந்தது. நூற்று முப்பது ஆண்டுக்கும் மேல் நீடித்த அந்த வரம்பு 2001-இல்தான் நீங்கியது. முஸ்லிம் பெண்களைப் பொறுத்தவரை, 1985-இன் ஷா பானு தீர்ப்பு, 1986-இன் தனிச் சட்டம் என்று நீண்ட வாதம், 2024 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன சொல்லில் வந்து நின்றது: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் கீழ் பராமரிப்புக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. மதம் பார்க்காத அந்தப் பிரிவுதான் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது.

கணக்கு நோட்டு நீதிமன்றம் ஏறிய நாள்

சட்டம் இருந்தும் பணம் வராமல் போனதற்கு ஒரு காரணம், யாருக்கு எவ்வளவு வருமானம் என்பதை ஒருவரும் உண்மையாகச் சொல்லாததுதான். சம்பளத்தைக் குறைத்துச் சொல்பவர்கள் ஒரு பக்கம், செலவைக் கூட்டிச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் நீதிபதி ஊகத்தில் ஒரு தொகையைப் போடவேண்டியிருந்தது.

2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' வழக்கில் தந்த தீர்ப்பு இதை மாற்ற முயன்றது. பராமரிப்புக் கேட்டு வரும் ஒவ்வொரு வழக்கிலும் கணவன், மனைவி இருவரும் சொத்து, கடன், வருமானம், மாதச் செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரே படிவத்தை அது வகுத்தது. வாடகை எவ்வளவு, யாரெல்லாம் உன்னை நம்பி வாழ்கிறார்கள், கூட்டு வங்கிக் கணக்கு உண்டா, கடன் தவணை எவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள் என்று கேள்விகள் போகின்றன. பொய் எழுதினால் குற்ற நடவடிக்கை வரலாம்.

அந்தப் படிவத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அம்மாவின் கணக்கு நோட்டு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் ரூபாய், நடுவில் 'பால் பாக்கி', 'இஸ்திரி', 'பள்ளி வேன்'. தமிழ்நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமையலறை அலமாரியில் வைத்திருந்த அந்த நோட்டைத்தான் உச்ச நீதிமன்றம் இப்போது சாட்சியமாகக் கேட்கிறது. எழுதிவைத்தவர் பக்கம் வழக்கு பலமாக இருக்கும்.

அதே தீர்ப்பில் இன்னும் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பராமரிப்புத் தொகை உத்தரவு வந்த நாளிலிருந்து இல்லாமல், மனு போட்ட நாளிலிருந்து கிடைக்க வேண்டும். ஜூனில் போட்ட மனுவுக்கு அடுத்த மார்ச்சில் உத்தரவு வந்தால் நடுவில் போன ஒன்பது மாதத்துக்கும் சேர்த்துத் தரவேண்டும். இரண்டு, ஒரு வழக்கில் தந்த தொகை இன்னொரு வழக்கில் கழித்துக்கொள்ளப்படும். மூன்று வழக்கு என்றால் மூன்று மடங்கு கட்டவேண்டுமோ என்று பல ஆண்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. மூன்று, பிள்ளையின் படிப்புச் செலவு பொதுவாகத் தந்தையுடையது. தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் இருவரும் வருமான விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டுக்கு ஒன்று

விகிதம் என்ற சொல் 2020-இல் புதிதாக வந்ததல்ல. 2000-ஆம் ஆண்டில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கணவன், மனைவி இருவரும் வேலையில் இருந்தார்கள். கணவனின் சம்பளம் ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகளைக் காப்பது இந்துப் பெற்றோர் இருவரின் கடமை என்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆகும் செலவை 2:1 என்ற விகிதத்தில் தந்தையும் தாயும் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னே 1970-இல் வேறொரு வழக்கில் வருமானத்தில் 25 விழுக்காடு என்ற எல்லை பேசப்பட்டது. வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்றவற்றைத்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம், சொந்த விருப்பத்தில் ஏற்றிக்கொண்ட செலவைக் கழிக்கமுடியாது என்ற கருத்தும் அப்போதிருந்து நிலைத்தது. ஆனால் 25 விழுக்காடு என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் வாய்ப்பாடு ஆகாது. ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு.

நம் ராயப்பேட்டை வீட்டுக்கே வருவோம். கணக்கு எளிதாக இருக்க, கணவன் கையில் வரும் சம்பளம் 90,000 ரூபாய், மனைவிக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 27,000, மளிகை, பால், காய்கறி 15,000, பள்ளியும் டியூஷனும் 12,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 4,000, வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,000. மொத்தம் 60,000.

ஆளுக்குப் பாதி என்றால் தலைக்கு 30,000. கணவன் கையில் 60,000 மிஞ்சும்; மனைவி கையில் 15,000. அந்த 15,000-இல் அவர் வழக்கறிஞருக்கும் கொடுத்து, நாளைக்குத் தனிவீடு பார்க்க முன்பணமும் சேர்க்க வேண்டும். பாதி என்ற சொல்லில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது பாருங்கள். 2:1 என்றால் கணவன் 40,000, மனைவி 20,000. மிஞ்சுவது முறையே 50,000, 25,000.

இனி, கணவன் வீட்டைவிட்டுத் தனியே போய்விட்டார் என்று கொள்வோம். அவருக்கு ஒரு சிறிய அறை வாடகை, சாப்பாடு என்று 21,000 ஆகிறது. இந்த வீட்டின் செலவு 54,000-ஆகக் குறைகிறது. இரண்டு அடுப்பும் சேர்ந்து 75,000. அதை 2:1-ஆகப் பிரித்தால் அவர் பங்கு 50,000, மனைவி பங்கு 25,000. தன் செலவு 21,000 போக 29,000-ஐ அவர் இந்த வீட்டுக்கு அனுப்புகிறார். மனைவியின் 25,000 சேர்ந்தால் 54,000 சரியாகிவிடுகிறது. நீதிமன்றம் இப்படித்தான் கணக்கிடும் என்று நான் சொல்லவரவில்லை. தீர்ப்புகளில் உள்ள விகித நியாயத்தை ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் இப்படி வருகிறது. கணவனின் தனி வாடகையையும் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் இரண்டு அடுப்பாகும்போது செலவு கூடுகிறது. அந்தச் சுமையை ஒருவர் தலையில் மட்டும் இறக்கினால் உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும்.

பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 214-ஆம் பிரிவு இதே நியாயத்தைத்தான் சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கணவனும் மனைவியும் தத்தம் சக்திக்கேற்ப இல்லறச் செலவை ஏற்கவேண்டும்.

சம்பளம் இல்லாத உழைப்பு

மனைவிக்குச் சம்பளமே இல்லையென்றால்? விகிதத்தில் அவர் பக்கம் பூஜ்யம் என்று எழுதிவிடலாமா? கூடாது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றி, மாமியாரை ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வரிசையில் உட்காரவைத்து, மாலையில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர் வீட்டுச் செலவில் தன் பங்கை ஏற்கெனவே உழைப்பாகச் செலுத்திவிட்டார்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பு இதற்கு உறுதியான ஆதாரம். கணவன் சவூதி அரேபியாவில் பல ஆண்டு உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தை நடத்தினார். அந்தப் பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. பின்னால் உரிமைத் தகராறு வந்தபோது, வெளியே போய்ச் சம்பாதித்தவரின் உழைப்பும் வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் உழைப்பும் அந்தச் சொத்து உருவாகக் காரணம் என்பதால் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. விவாகரத்து வழக்கில் சொன்னதல்ல இது, சொத்து வழக்கில் சொன்னது. ஆனாலும் இதன் நியாயம் நம் பொருளுக்கு நேராகப் பொருந்துகிறது. 2024 ஜூலைத் தீர்ப்பில் தனியே எழுதிய நீதிபதி பி.வி. நாகரத்னா, வீட்டில் இருக்கும் மனைவிக்குக் கூட்டு வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் கிடைக்கச் செய்வது கணவனின் பொறுப்பு என்று நினைவூட்டினார். பணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிய நிலை, பிரிவு வந்தவுடன் பட்டினியாக மாறிவிடுகிறது என்பதை அறிந்த வார்த்தை அது.

இந்தச் சிந்தனைக்குத் தமிழிலேயே ஓர் அழகான பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை, டச்சு ஆட்சியில் 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அது சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது: கணவன் வழி வந்த முதுசொம், மனைவி கொண்டுவந்த சீதனம், இருவரும் வாழ்ந்த காலத்தில் சேர்த்த தேடிய தேட்டம். இந்த மூன்றாவது இருவருக்கும் சமம் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் எழுதியது. 1947-இல் அது திருத்தப்பட்டது. 'தேடியது யார்' என்று கேட்காமல் 'தேடிய தேட்டம்' என்று சேர்த்துச் சொன்ன அந்த மொழி, இல்லறத்தில் எது யாருடையது என்ற கேள்விக்குப் பழைய தமிழர் தந்த விடை. இந்தியாவிலோ, கோவாவைத் தவிர மற்ற இடங்களில், திருமணம் நடந்தது என்பதற்காக மட்டும் ஒருவர் சொத்து மற்றவருக்குப் பொதுவாகிவிடுவதில்லை. விவாகரத்தின்போது மனைவிக்குச் சொத்தில் பங்கு தர முயன்ற 2010-இன் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையைத் தாண்டியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014-இல் காலாவதியானது.

கூரை யாருடையது?

மாதச் செலவில் பெரியது கூரைக்கான செலவுதான். வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸும் பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். கோபத்தில் அவர் வாடகையை நிறுத்திவிட்டால், வீட்டுக்காரர் போடும் காலி செய்யும் வழக்கில் மனைவி பேச முடியுமா? முடியும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைவிடப்பட்ட மனைவி அந்த வழக்கை எதிர்த்து நடத்தலாம். ஆனால் வாடகை உள்ளிட்ட கடமைகளையும் அவர் ஏற்க வேண்டும். விவாகரத்து ஆணை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வசிப்பிடம் பற்றிப் பராமரிப்பு உத்தரவிலோ உடன்பாட்டிலோ எழுதியிருந்தால்தான் நிற்கும். ஆகவே வசிப்பிடத்தைத் தீர்ப்புக்கு முன்பே எழுத்தில் பெறுவது அவசியம்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ அதற்கு வாடகை கட்டவோ உத்தரவிட இடம் உண்டு. வீடு மாமியார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே உரிமை இல்லை என்று 2006 டிசம்பரில் சொல்லப்பட்ட தீர்ப்பை, 2020 அக்டோபர் 15-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியது. வீடு யார் பெயரில் என்பதைவிட, அது இருவரும் சேர்ந்து குடும்பம் நடத்திய வீடா என்பதே முக்கியம் ஆனது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா இன்னும் ஒரு படி போனார். ஒரே வீட்டில் இருந்தபடியே விவாகரத்து வழக்கு நடத்திய ஓர் இணையின் வழக்கு அது. வீட்டில் அமைதிக்கு வேறு வழி இல்லையென்றால் கணவனை வெளியேறச் சொல்வதில் தவறில்லை என்றார்.

சொந்த வீட்டில் இன்னொரு சிக்கல், வங்கிக் கடன். இருவரும் கையெழுத்திட்ட வீட்டுக்கடனில் வங்கிக்கு முழுத்தொகைக்கும் இருவருமே பொறுப்பு. 'நான் வீட்டைவிட்டுப் போய்விட்டேன்' என்பது வங்கிக்குப் பதில் ஆகாது. ஒருவர் தவணையை நிறுத்தினால் இருவரின் கடன் வரலாறும் கெடும். தன் பங்குக்கு மேல் கட்டியவர், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி மற்றவரிடமிருந்து அவர் பங்கைக் கேட்கலாம். ரசீது இருந்தால்தான் கேட்க முடியும். மனைவியும் பிள்ளையும் வாழும் வீட்டுக்குக் கணவன் கட்டும் தவணை, அவர் அந்த வீட்டுக்குச் செய்யும் செலவுதான். பராமரிப்புத் தொகையைப் பேசும்போது அதையும் மேசைமேல் வைப்பதே நேர்மை. தவணை என்று காட்டிச் சமையலறைக்கு ஒன்றும் தராமல் இருப்பதும், தவணையைக் கண்ணில் படாததுபோல் விட்டு முழுத்தொகை கேட்பதும் பிள்ளையைத்தான் பாதிக்கும்.

எழுத்தில் ஒரு பங்கீடு

விவாகரத்து என்பது ஒருவர் தோற்பது, இன்னொருவர் ஜெயிப்பது என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் பால் காசும் பள்ளிக் கட்டணமும் ஆயுதமாகின்றன. மகளின் கட்டணத்தை நிறுத்தினால் மனைவி பணிவாள் என்று யோசிப்பவரும், கணவனை நோகடிக்க மின்கட்டணத்தைக் கிடக்க விடுபவரும் அந்தக் குழந்தையின் இருட்டைப் பார்ப்பதில்லை.

உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நாட்டிலேயே முதலில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் அமைந்ததும் அதே வளாகத்தில்தான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, எந்தப் பெண்ணும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். மணமுறிவு பற்றி உடன்பாடு வராவிட்டாலும், இந்த மாத வாடகை பற்றி உடன்பாடு வரமுடியும். முதல் வாய்தாவிலேயே அதைப் பேசலாம். ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். எந்தச் செலவு, யார் பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று அதில் இருந்தால் போதும்.

வழக்கறிஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனு எழுதும் அன்றைக்கே பிரமாணப் பத்திரத்துக்கான கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். 24-ஆம் பிரிவு மனுவை, பிரதான வழக்கு வரட்டும் என்று ஓரம் வைக்காதீர்கள். இந்த நிலையில் இருப்பவர் நீங்களாக இருந்தால், இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். பிரிவது என்று முடிவானபின்னும், வழக்கு முடியும் நாள்வரை அந்த வீடு இருவரின் பொறுப்புதான்.